விழுங்க முடியாதபோது மருந்தை எப்படிக் கொடுப்பது?

வீட்டுக்குள் நுழைந்து பையை இறக்கி வைத்ததுமே பெரும்பாலான குடும்பத்தினர் என்னிடம் கேட்பது, "ஊசி போடுவீங்களா சிஸ்டர்?" என்றுதான். நம் ஊரில் ஊசிக்கு இருக்கும் மரியாதை மாத்திரைக்குக் கிடையாது. காய்ச்சலோ முதுகுவலியோ, ஓர் ஊசி போட்டு அனுப்பாத டாக்டரைக் கைராசி இல்லாதவர் என்று சொல்லும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். அதனால், புற்றுநோய் முற்றிப் படுத்த படுக்கையாகிவிட்ட தந்தைக்கு வெறும் மாத்திரையை மணி பார்த்துக் கொடுக்கச் சொன்னால், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவமனை கைகழுவிவிட்டதாகவே பல பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். முற்றிய நோயின் வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சைக்காக வீடு வீடாகச் செல்லும் செவிலியரான நான், எந்த மருந்து என்பதைக் காட்டிலும் அது எந்த வழியாக உடலுக்குள் போகவேண்டும் என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசவேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சை எழுதி வைத்தால், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் அவசரமில்லாத ஒரு நேரத்தில் படித்துக்கொள்ளலாம். மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். இங்கே நான் எழுதுவது வழிகளைப் பற்றி மட்டுமே.

உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கான வழிகாட்டியை வெளியிட்டபோது முதலில் வைத்த விதி 'வாய் வழியாக' என்பது, அடுத்தது 'கடிகாரப்படி'. அந்த வழிகாட்டியில் அதிகம் புகழ்பெற்றது, வலி கூடக் கூட வலுவான மருந்துக்கு ஏறும் மூன்று படி ஏணி; அது 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அடிப்படை விதிகளின் வரிசையிலிருந்து இறக்கப்பட்டுவிட்டது. வாயும் கடிகாரமும் அப்படியே இருக்கின்றன. அதற்குக் காரணம் உண்டு. வாய் வழியாகக் கொடுப்பதற்குச் செவிலியர் தேவையில்லை, குத்தும் வலியில்லை, நோயாளி தன் கையாலேயே எடுத்துக்கொள்ளலாம். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின், ஊசியில் போட்டால்தான் முழுதாக வேலை செய்யும் என்பது தவறான எண்ணம். விழுங்கிய மார்ஃபினில் ஒரு பகுதி கல்லீரலைத் தாண்டுவதற்குள் சிதைந்துவிடுகிறது என்பதால், ஊசிக்குரிய அளவைப்போல் இரண்டு அல்லது மூன்று மடங்கை மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். அவ்வாறு கணக்கிட்டுக் கொடுத்தபின் வலி குறைவதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஊசி சற்று விரைவாக வேலையைத் தொடங்கும், அவ்வளவே.

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும். ஆகவே காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று ஐந்து வேளை கொடுத்து, இரவு 10 மணி வேளையை மட்டும் இரட்டிப்பாக்கி, நடுச்சாமத்தில் யாரும் எழுந்திருக்கவேண்டாத வகையில் அட்டவணை போடுகிறோம். வலி வந்த பிறகு கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, வலி தலைதூக்கிய பிறகு அதை அடக்க அதிக மருந்து தேவைப்படும் என்பதையும், அடுத்த வலி எப்போது வருமோ என்ற அச்சத்திலேயே நோயாளியின் நாள் கழியும் என்பதையும்தான். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற, இறுதிக்கால நோயாளிகளுக்கான இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு செயின்ட் லூக்ஸ் என்ற இல்லத்தில் தன்னார்வலராக இருந்தபோது, அங்கே மார்ஃபினை நேரம் தவறாமல் கொடுத்துவந்ததைக் கண்டுதான் இந்த முறையைக் கற்றார். மலச்சிக்கலுக்கான மருந்தை மார்ஃபினோடு சேர்த்தே முதல் நாளிலிருந்து கொடுக்கவேண்டும். குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாட்களில் அடங்கிவிடும், மலச்சிக்கல் அடங்காது. வலி நின்றும் வயிறு உப்பி அவதிப்படுபவர்கள் மாத்திரையின் மேலேயே வெறுப்புக்கொண்டு நிறுத்திவிடுவதைப் பார்க்கிறேன்.

இந்த மாத்திரை தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்காது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ், ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கி வைப்பதற்கே பல உரிமங்களைப் பெறவேண்டியிருந்தது, அவற்றின் காலக்கெடுவும் ஒன்றோடொன்று பொருந்தாது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு வலி மருந்துகள் இன்றியமையாத மருந்துகளாக அறிவிக்கப்பட்டன. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் பெறும் ஒரே அனுமதியைக் கொண்டு அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்றானது. இருந்தும், அப்படிப்பட்ட நிறுவனம் இருக்கும் ஊருக்குப் பேருந்து ஏறிப் போய் வாங்கிவரும் குடும்பங்கள் இன்றும் உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவுச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டிருப்பதால், கிராமங்களில் செவிலியர் வீட்டுக்கு வருவது இப்போது புதுமையாக இல்லை. உங்கள் பகுதியில் யார் வருகிறார்கள் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் வளர வளர ஒரு கட்டத்தில் விழுங்குவது சிரமமாகிறது. தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இது சீக்கிரம் வரும். மற்றவர்களுக்குக் கடைசி வாரங்களிலோ நாட்களிலோ வரும். தண்ணீர் குடித்ததும் இருமல், மாத்திரை கன்னத்திலேயே தங்கிவிடுதல், சாப்பாட்டு நேரம் நீண்டுகொண்டே போதல், பேச்சில் ஈரமான கரகரப்பு என்பவை முன்னறிகுறிகள். இவை தெரிந்தவுடனே அடுத்த வழியைப் பேசி முடிவு செய்துவிடவேண்டும் என்பதுதான் இந்தப் பதிவில் நான் வற்புறுத்த விரும்பும் ஒரே செய்தி. முழுதாக விழுங்க முடியாமல் போனபின் இரவு பதினொரு மணிக்கு வழி தேடினால் கிடைப்பது ஆம்புலன்ஸ் மட்டுமே. வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று பலமுறை சொல்லியிருந்த மனிதர் அவசர சிகிச்சைப் பிரிவின் தள்ளுவண்டியில் கிடக்க நேர்வது பெரும்பாலும் இப்படித்தான்.

முதல் வேலை, மாத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. பத்துப் பன்னிரண்டு மாத்திரைகளை ஒரு டப்பாவில் போட்டு வேளைக்கு வேளை கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகளில், அவற்றில் பாதி இருபது ஆண்டுகள் கழித்து வரக்கூடிய மாரடைப்பைத் தடுப்பதற்கானதாக இருக்கும். கொலஸ்ட்ரால் மாத்திரை, சத்து மாத்திரை, கால்சியம் ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்டு நிறுத்திவிடலாம். ஆயுள் சில மாதங்களே எஞ்சியிருந்தவர்களுக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. நிறுத்துவது பாதுகாப்பானது என்றும், நிறுத்தியவர்களின் வாழ்க்கைத் தரம் சற்று மேம்பட்டிருந்தது என்றும் அது காட்டியது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தச் சொன்னால் மட்டும் வீட்டில் ஒரு கலவரம் எழும். சாப்பாடே இறங்காதவருக்குப் பழைய அளவில் சர்க்கரை மாத்திரை கொடுத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும் என்பதைப் பொறுமையாக விளக்கவேண்டியிருக்கிறது.

எஞ்சிய மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. சாதாரண மார்ஃபினைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். கசப்புக்குத் தேன் சேர்க்கலாம். ஆனால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையை ஒருபோதும் பொடிக்கக்கூடாது. அரை நாளுக்குரிய மருந்து ஒரே வீச்சில் உள்ளே போய் மூச்சையே அடக்கிவிடலாம். அட்டையில் பெயரோடு எஸ்.ஆர். அல்லது சி.ஆர். என்று அச்சிட்டிருந்தால், உரலை எடுக்குமுன் செவிலியரைக் கூப்பிடுங்கள். வாய்ப்புற்றுநோய்க்காரர்கள் பலருக்கு ஏற்கெனவே மூக்குக்குழாய் இருக்கும். அவர்களுக்கு ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாகக் கரைத்துச் செலுத்தி, இடையிலும் கடைசியிலும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவினால் அடைப்பு வராது. இதுவரை குழாய் இல்லாத, கடைசி நாட்களில் இருக்கும் ஒருவருக்கு மருந்து கொடுப்பதற்காகவே புதிதாக மூக்குக்குழாய் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. அதைப் பிடுங்காமலிருக்கக் கைகளைக் கட்டிவைக்கும் நிலை வந்தால், எந்த வேதனையைத் தணிக்கப் போனோமோ அதையே கூட்டியவர்களாவோம்.

நாக்கின் அடியில் வைக்கும் வழி பலருக்குத் தெரிவதில்லை. பதற்றத்துக்கும் மூச்சுத்திணறலோடு வரும் பயத்துக்கும் கொடுக்கும் லோராஸெபம் மாத்திரையை அங்கே வைக்கலாம். வாய் வறண்டிருந்தால் முதலில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு நனைக்கவேண்டும், இல்லையென்றால் மாத்திரை கரையாமல் அப்படியே கிடக்கும். தொண்டையில் சளி தேங்கிக் களகளவென்று சத்தம் கேட்கும் இறுதிக் கட்டத்தில், கண்ணுக்கு விடும் அட்ரோபின் சொட்டு மருந்தை நாக்கின் அடியில் விடச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. "கண்ணு மருந்தை வாயில ஊத்தச் சொல்றீங்களே" என்று திகைப்பவர்களுக்கு அதைச் சீட்டிலேயே தெளிவாக எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் மறுநாள் பார்க்க வரும் சித்தப்பாவோ மாமாவோ அதைத் தவறென்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். அந்தச் சத்தம் கேட்பவரை உலுக்குகிற அளவுக்கு, நினைவு மங்கிவிட்ட நோயாளியைத் துன்புறுத்துவதாகத் தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தாலே பாதி குறையும்.

ஃபென்டனில் பேட்ச் பார்ப்பதற்கு எளிமையாக இருப்பதால் அதைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் மிகுதி. வலிக்கிற இடத்தில் ஒட்டும் பிளாஸ்டர் என்று நினைத்து இடுப்பிலும் முழங்காலிலும் ஒட்டிவிடுகிறார்கள். அது தோல் வழியாக இரத்தத்தில் கலந்து உடல் முழுவதற்கும் வேலை செய்யும் மருந்து; மார்பின் மேற்பகுதி, மேற்கை, முதுகு என்று முடியில்லாத, காயமில்லாத சமமான இடமே போதும். முடி இருந்தால் கத்தரிக்கோலால் கத்தரிக்கவேண்டும், சவரம் செய்யக்கூடாது. சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். மூன்று நாளைக்கு ஒரு முறை, பழையதை எடுத்துவிட்டு வேறிடத்தில் புதியதை ஒட்டவேண்டும். ஒட்டியவுடன் வலி குறையாது. பலன் தெரிய அரை நாளிலிருந்து ஒரு நாள் ஆகும், அதுவரை மார்ஃபினைத் தொடரவேண்டும். எடுத்த பிறகும் தோலுக்கடியில் தேங்கிய மருந்து அரை நாளுக்கு மேல் இரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். இப்படி மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவதால், வலி நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருப்பவருக்கும் கடைசி சில நாட்களில் இருப்பவருக்கும் புதிதாக இதைத் தொடங்குவது பயன்படாது.

மணிக்கு 25 மைக்ரோகிராம் வெளியிடும் ஒரு பேட்ச், நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 முதல் 90 மி.கி. வாய்வழி மார்ஃபினுக்குச் சமம் என்பதை நினைவில் வைத்தால், இதுவரை மார்ஃபினே எடுக்காத மெலிந்த பாட்டிக்கு அதை நேரடியாக ஒட்டுவது எவ்வளவு ஆபத்து என்பது விளங்கும். வெந்நீர்ப் பையையோ மின்சார ஒத்தடத்தையோ அதன் மேல் வைக்கக்கூடாது. சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். கடுங்காய்ச்சலிலும் இதே ஆபத்து உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபினின் கழிவுகள் உடலில் தேங்கிக் கைகால் வெட்டி வெட்டி இழுப்பதும் குழப்பமும் உண்டாகும். அவர்களுக்கு ஃபென்டனில் நிஜமாகவே வரம். விலைதான் எல்லோருக்கும் கட்டுப்படியாவதில்லை.

இப்போது ஊசிக்கு வருகிறேன். நோய் ஆதரவுச் சிகிச்சையில் ஊசி என்பது, எலும்பும் தோலுமாக இருக்கும் தொடையில் குத்துவதோ நரம்பு தேடி ஐந்து இடத்தில் துளைப்பதோ இல்லை. இரு பக்கமும் இறக்கை போன்ற பிடியும் பின்னால் மெல்லிய குழாயும் கொண்ட பட்டாம்பூச்சி ஊசியைத் தோலுக்கு அடியில் ஒரு முறை வைத்துவிட்டால், அடுத்த பல நாட்களுக்கு அதே குழாயில் மருந்தைச் செலுத்திக்கொள்ளலாம், நோயாளியைத் திரும்பத் திரும்பக் குத்தவேண்டியதில்லை. மார்ஃபின், வாந்திக்கான மெட்டோக்ளோப்ரமைடும் ஹாலோபெரிடோலும், பதற்றத்துக்கும் வலிப்புக்கும் மிடாசோலம், சளிக்கு கிளைக்கோபைரோலேட் என்று கடைசி நாட்களில் வேண்டிய மருந்துகளில் பெரும்பாலானவை இந்த வழியில் போகும். டயஸெபம், குளோர்ப்ரோமஸின் போன்றவை தோலைப் புண்ணாக்கும் என்பதால் அவற்றை மட்டும் இதில் செலுத்துவதில்லை.

அண்மையில் ஒரு வீட்டில் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தேன். காறை எலும்புக்குக் கீழே, வீக்கமில்லாத, கதிர்வீச்சு படாத இடத்தைத் தேர்ந்து, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டேன். குழாயில் காற்று நிற்காதபடி முதலில் மருந்தால் நிரப்பிக்கொண்டேன்; இதைச் செய்யாவிட்டால் முதல் வேளையில் பாதி குழாயிலேயே நின்றுவிடும். இரண்டு விரலால் தோலை மடிப்பாகக் கிள்ளித் தூக்கி, ஊசியைச் சாய்வாக நுழைத்து, இறக்கைகளைத் தட்டையாக்கி, குழாயை ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே தெரியும்படி கண்ணாடி போன்ற பிளாஸ்டரை ஒட்டினேன். தேதியை அதன் ஓரத்தில் எழுதினேன். அடுத்த வேளையை அந்தப் பெண்ணே செலுத்தினார். முதலில் கை நடுங்கியது, "அத்தைக்கு வலிக்குமாக்கா?" என்று கேட்டார். அத்தையே கண்ணைத் திறந்து, "ஒண்ணும் தெரியல, போடு" என்றார். மெதுவாக ஒன்றிரண்டு நிமிடத்தில் செலுத்தி, பிறகு அரை மி.லி. உப்புநீர் விட்டுக் குழாயைக் கழுவவேண்டும். அந்த இடம் சிவந்தாலோ, கெட்டியானாலோ, கசிந்தாலோ வேறிடத்துக்கு மாற்றவேண்டும். நினைவு தடுமாறி எதையும் பிடுங்கிவிடுபவர்களுக்கு முதுகில், தோள்பட்டை எலும்புக்கு அருகில் வைத்தால் கை எட்டாது.

இதையே ஒரு சிறிய பம்பில் பொருத்தி இருபத்து நான்கு மணி நேரமும் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் முறை மேல்நாடுகளில் வழக்கமானது. மார்ட்டின் ரைட் என்ற ஆங்கிலேயர், தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்களுக்கு இரும்புச்சத்தை வெளியேற்றும் மருந்தைச் செலுத்துவதற்காக உருவாக்கிய கருவி அது. 1979இல் புற்றுநோயாளிகளுக்குப் பயன்படுத்தப்பட்டு, அதிலிருந்து ஹாஸ்பிஸ் உலகில் நிலைபெற்றது. பிரிட்டனில் அதன் இரண்டு வகைகள் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றில் சிரிஞ்சின் தண்டு நகரும் வேகத்தை மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்றும், மற்றொன்றில் நாளைக்கு இத்தனை மில்லிமீட்டர் என்றும் வைக்கவேண்டும். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு பல விபத்துகள் நேர்ந்த பிறகே அவை கைவிடப்பட்டன. நம் வீடுகளில் அந்தப் பம்பு அரிது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கையால் செலுத்தினாலும் வலி அடங்கத்தான் செய்கிறது.

குளுக்கோஸ் பாட்டில் ஏற்றவேண்டும் என்ற கோரிக்கையும் இங்கேதான் வரும். "பட்டினியா போகவிடக் கூடாதுல்ல" என்று மகன் சொல்லும்போது அதில் இருக்கும் பாசத்தை மறுக்க முடியாது. ஆனால் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஏற்றப்பட்டவர்களையும், பெயருக்கு 100 மி.லி. ஏற்றப்பட்டவர்களையும் ஒப்பிட்டு, முற்றிய புற்றுநோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தபோது, அசதியிலோ குழப்பத்திலோ ஆயுளிலோ வேறுபாடு தென்படவில்லை. உடலால் கையாள முடியாத நீர், காலில் வீக்கமாகவும் நுரையீரலில் சளியாகவும் தேங்குகிறது. குடும்பம் மிகவும் வருந்தினால், அல்லது நீர்ச்சத்துக் குறைவே குழப்பத்துக்குக் காரணம் என்று மருத்துவர் கருதினால், அதே பட்டாம்பூச்சி ஊசி வழியாகத் தோலுக்கடியில் உப்புநீரை மெதுவாக இறக்கலாம், நரம்பு தேடவேண்டாம். மற்றபடி, ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் அடிக்கடி நனைப்பதே அந்த மகனின் கைகளுக்கு நான் கொடுக்கும் வேலை.

ஆசனவாய் வழியைப் பற்றிச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், மலச்சிக்கலுக்கான பிசாகோடில் ஆகியவை ஆசனவாய்க்குள் வைக்கும் குளிகை வடிவில் எளிதாகக் கிடைக்கின்றன, ஊசியே இல்லாத வீட்டில் இரவு நேரத்தில் கைகொடுக்கின்றன. தாய்க்கு மகன் வைக்கத் தயங்குவான் என்பதால் யார் செய்வது என்பதை முன்பே பேசிவிடவேண்டும். நம் கோடையில் அலமாரியில் வைத்தால் உருகிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

விழுங்கவும் வேண்டாத, குத்தவும் வேண்டாத ஒரு வழியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கன்னத்திலோ மார்பிலோ வெடித்த புண் நாற்றமெடுக்கும்போது, உறவினர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள், நோயாளி போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொள்வார். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடஸோல் மாத்திரையை நன்றாகப் பொடித்து, மெல்லிய துணியில் சலித்து, உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய நீரால் புண்ணைக் கழுவியபின் தூவினால் இரண்டு மூன்று நாளில் நாற்றம் கணிசமாக அடங்கிவிடும். நாற்றத்துக்குக் காரணமான கிருமிகளையே அது கொல்கிறது. சில ரூபாய் மாத்திரை அது. ஆயினும் மார்ஃபினுக்கு இணையாக நான் மதிக்கும் மருந்து.

கடைசி நாட்களுக்கென்று ஒரு சிறு டப்பாவை முன்கூட்டியே தயார் செய்து வைக்கச் சொல்கிறோம். வலி, வாந்தி, பதற்றம், சளி என்ற நான்குக்குமான மருந்து, எந்த வழியாக எவ்வளவு என்று தமிழில் எழுதிய தாள், இரவிலும் அழைக்கக்கூடிய செவிலியரின் எண் ஆகியவை அதில் இருக்கும். திடீரென்று வரும் வலிக்கு இடையில் கொடுக்கும் கூடுதல் வேளை, ஒரு நாளின் மொத்த மார்ஃபினில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அதைக் கொடுத்த நேரத்தை அந்தத் தாளிலேயே குறித்து வைத்தால், அடுத்த நாள் மருத்துவர் அளவை மாற்றுவதற்கு அதைவிடச் சிறந்த கணக்கு வேறில்லை.

எல்லாம் முடிந்த பிறகு வீட்டில் மருந்து மிஞ்சும். குளிப்பாட்டுவதற்கு முன்பே பேட்சை எடுத்து, ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்துவிடவேண்டும். பயன்படுத்தியதிலும் ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கும் அளவு மருந்து இருக்கும். மார்ஃபின் மாத்திரைகளையும் குப்பிகளையும் எண்ணி, வாங்கிய இடத்திலேயே ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முதுகுவலிக்காரப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாலும் ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள்.